பேர் வெட்டிய தூக்கு

எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு கரியடுப்பு இருக்கிறது. எண்ணெய் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து, நாலு கால் வைத்து, உள்ளே கம்பி வலை போட்டு, கீல் வைத்த மூடியோடு, கழக்கூட்டத்தில் எங்கள் தெருமுனையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் செய்து கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதில் நான் கனத்த இறைச்சித் துண்டுகளை ஸ்டேக்காகச் சுடுவேன். ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்தில் பிறந்து, பூணூல் போட்டு, இருபத்தாறு வயது வரைக்கும் முட்டை சேர்த்த கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தவன் இதில் எப்படிக் கைதேர்ந்தான் என்று ஆபீசில் கேட்பார்கள். எல்லாம் என் மனைவியின் கைங்கரியம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அது பொய். அவள் கொடுத்தது முதல் துண்டு மட்டும்தான். இரண்டாவதை நானே கேட்டு வாங்கினேன்.

மனைவி மலையாளி. ஒரே ஆபீசில், ஒரே மாடியில் வேலை பார்த்தோம். கல்யாணத்துக்குச் சம்மதிக்க அப்பா ஒரு வருஷம் எடுத்துக்கொண்டார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். "அவ என்ன வேணா சாப்பிடட்டும். அது அவா ஆத்துப் பழக்கம். நீ சாப்பிடப்படாது. அவ்வளவுதான் நான் கேக்கறது" என்றார். கையை நீட்டினார். அதில் அடித்துச் சத்தியம் செய்தேன். அப்பாவின் உள்ளங்கை ஜில்லென்று இருந்தது இப்போதும் நினைவிருக்கிறது.

கல்யாணமாகி நாலாவது மாதம் சத்தியம் காற்றில் போயிற்று. அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. நான் ஒரே பிள்ளை. அவர்கள் என்னைத் தங்கள் பிள்ளையாகவே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது தவிர எனக்கு வேறு எந்த நியாயமும் இல்லை. மாதம் இரண்டு தடவை நகரத்தின் மறுகோடியில் அவர்கள் இருக்கும் ஸ்ரீவராகத்துக்குப் போவேன். நான் உள்ளே போய் உட்கார்ந்ததும் அப்பா எழுந்து போய் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்காருவார். பிள்ளை வெயிலில் வந்திருக்கிறான் என்ற கரிசனம் என்று நினைத்துக்கொள்வேன். மனசு நெகிழ்ந்து போகும்.

திரும்பி வரும்போது அம்மா வெறுங்கையோடு அனுப்ப மாட்டாள். மோர்க்குழம்பு, அரைத்துவிட்ட சாம்பார், புளிமிளகாய் என்று எவர்சில்வர் பாத்திரங்களில் போட்டுத் துணிப்பையில் வைத்துக் கொடுப்பாள். எங்கள் வீட்டுப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் பேர் வெட்டியிருக்கும். அம்மா பேர், தாத்தா பேர், யார் கல்யாணத்துக்கு யார் கொடுத்தது என்ற விவரம், எல்லாம் புள்ளி புள்ளியாக. பாத்திரங்கள் திரும்பிப் போக வேண்டும். காலியாகப் போகக் கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்ப வேண்டும். அம்மா எதைக் கொடுத்தாள், எது இன்னும் திரும்பவில்லை என்று அவளுக்குத் தலைகீழாகத் தெரியும்.

அப்பா முந்தின வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் காலமானார். தூக்கத்திலேயே. நல்ல சாவு என்றார்கள். பிள்ளையாக நான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். மாதா மாதம் திதியன்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஸ்ரீவராகத்துக்குப் போய், பஞ்சகச்சம் கட்டி, வாத்தியார் சொல்லச் சொல்ல எள்ளும் ஜலமும் விட்டேன். ஆப்திகம் என்கிற முதல் வருஷத் திதி முடிகிற வரைக்கும் காரியம் செய்கிற கர்த்தா சுத்தமாக இருக்க வேண்டும் என்று வாத்தியார் முதல் நாளே சொல்லியிருந்தார். நான் திதிக்கு மூன்று நாள் முன்னும் ஒரு நாள் பின்னும் சுத்தமாக இருந்தேன். மீதி நாட்களைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பதினோராவது மாதம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அண்டர்கட் வாங்கி வந்தேன். போத்து என்கிற எருமைக்கடாவில் முதுகெலும்புக்கு உள்பக்கம் இருக்கும் மெத்தென்ற பகுதியைக் கசாப்புக் கடையில் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு விரல் கனத்துக்கு வெட்டிக் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரர் வழக்கம்போல் வறுவலுக்கு நறுக்கித் தள்ளிவிடுவார். குறுமிளகை ஒன்றும் பாதியுமாக இடித்து, பூண்டு நசுக்கி, வினிகர், சோயா சாஸ், கொஞ்சம் வெல்லம், ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டுப் பிசறி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஊற வைப்பது என் முறை. வினிகர் படுவதால் அலுமினியம் உதவாது. பிளாஸ்டிக்கில் வைத்தால் பூண்டு வாடை ஜென்மத்துக்கும் போகாது. எவர்சில்வர்தான் சரி. கைக்கு வந்த ஒரு தூக்கை எடுத்தேன், இறைச்சியை அடுக்கினேன், மூடினேன். மூடி சரியாக ஏறவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஒரு இடத்தில் டப்பென்று உட்கார்ந்தது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குச் சிரட்டைக்கரியை மூட்டினேன். கரி சாம்பல் பூக்கிற வரைக்கும் பொறுமை வேண்டும். வலைக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். மூன்றுக்கு மேல் கை தாங்கினால் சூடு போதாது. அன்றைக்கு இரண்டுக்கே கையை எடுத்தேன். முதல் துண்டை வலையில் போட்டேன். சொய்யென்று ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறம் வேறு எந்தச் சத்தமும் இல்லை.

அது எனக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலை. லாரி ஹாரன் ஓயவே ஓயாது. அன்றைக்கு அது கேட்கவில்லை. காற்று நின்றிருந்தது. புகை மேலேயும் போகாமல் பக்கத்திலும் சாயாமல் அடுப்புக்கு மேலே ஆள் உயரத்தில் அப்படியே நின்றது. நல்ல உச்சி வெயில். என் நிழல் என் காலுக்கு அடியிலேயே கிடந்தது. எனக்குப் பின்கழுத்தில் என்னவோ செய்தது. திரும்பிப் பார்த்தேன்.

மதிலில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அடுப்பு மூட்டினால் காக்கை வருவது புதிதில்லை. சாம்பல் கழுத்துக் காக்கைகள் பத்துப் பன்னிரண்டு வந்து சண்டை போடும். நான் வெட்டி எறிகிற கொழுப்புக்கும் நரம்புக்கும் அடித்துக்கொள்ளும். இது அண்டங்காக்கை. கழுத்தும் கறுப்பு. தனியாக வந்திருந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்து என்னையே பார்த்தது.

ஒரு துண்டுக் கொழுப்பை எறிந்தேன். அதன் காலடியில் விழுந்தது. குனிந்துகூடப் பார்க்கவில்லை. நல்ல சதைத் துண்டாக இன்னொன்றை எறிந்தேன். அதுவும் அப்படியே கிடந்தது. இறைச்சியை வேண்டாம் என்கிற காக்கையை நான் அதுவரை பார்த்ததில்லை. மனைவி சமையலறைக் கதவில் வந்து நின்றாள்.

"ஏட்டா, அது பலிக்காக்கயாணு," என்றாள். பிண்டம் எடுக்க வருகிற காக்கைக்கு இங்கே அப்படித்தான் பேர்.

"தெரியும்" என்றேன்.

காக்கை மதிலிலிருந்து இறங்கிற்று. பறக்கும்போது இடது இறக்கையில் ஒரு இறகு இல்லாதது தெரிந்தது. அந்த இடைவெளி வழியாக ஒரு கணம் வானம் தெரிந்தது. அடுப்புக்குப் பக்கத்து ஸ்டூலில் நான் இறைச்சி ஊற வைத்திருந்த தூக்கு, துண்டுகளைத் தட்டுக்கு மாற்றிவிட்டதால், காலியாக இருந்தது. காக்கை அதன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல், வெளிப்புறத்தில் ஒரே இடத்தைக் கொத்திற்று. டக். டக். டக். நிறுத்தும். என்னைப் பார்க்கும். மறுபடி டக். டக்.

கிட்டே போனேன். காக்கை பயப்படவில்லை, இரண்டு அடி நகர்ந்து இடம் விட்டது. அது கொத்திய இடத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து. அப்பாவின் பேர்.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் சேர்ந்து வாங்கிக் கொடுத்த தூக்கு அது. அவர் பேரையும் வெட்டிக் கொடுத்திருந்தார்கள். கடைசி வரை அவருக்கான தயிரை அம்மா அதில்தான் உறைகுத்துவாள். அப்பா போன பிறகு ஒரு தடவை எனக்கு வத்தக்குழம்பு போட்டுக் கொடுத்திருந்தாள். நான் திருப்பித் தர மறந்து போயிருந்தேன். சத்தியம் வாங்கின மனுஷரின் பேர் வெட்டிய பாத்திரத்தில், அவருடைய வருஷம் முடிவதற்குள், நான் போத்திறைச்சியை ஊற வைத்திருக்கிறேன். வலையில் கிடந்த துண்டு கருகி வாடை வந்தது. பயந்துதான் போனேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

மனைவி தூக்கை எடுத்து மூன்று தடவை தேய்த்தாள். "கழுவினா மதியல்லோ, ஏட்டா? ஸ்டீல் அல்லே?" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது போதும். அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. அன்றைக்குச் சுட்டதை அவள் மட்டும் சாப்பிட்டாள். நான் தயிரும் சாதமும் சாப்பிட்டேன்.

தூக்கை வீட்டுக்குள் வைக்க மனசு வரவில்லை. வெளியே எறியவும் மனசு வரவில்லை. அடுப்பு ஆறியதும் பீப்பாய்க்குள் வைத்து மூடியைச் சாத்தினேன். இனி யார் கண்ணிலும் படாது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வீட்டிலிருந்தே வேலை. மத்தியானம் ஆன்லைன் மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருந்தபோது, பெங்களூரில் இருக்கும் ஒருவர் குறுக்கிட்டு, "உங்க வீட்ல யாரோ கதவைத் தட்டறாங்க போல, பாத்துட்டு வாங்க" என்றார். எனக்கு அதுவரை ஒன்றும் கேட்கவில்லை. அவர் சொன்ன பிறகு கேட்டது. டக். டக். டக். பின்பக்கத்திலிருந்து, தகரத்தில். மைக்கை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். அண்டங்காக்கை பீப்பாய் மூடி மேல் நின்று கொத்திக்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டே கால். மறுநாளும் அதே நேரத்துக்குக் கொத்திற்று. அதற்கு மறுநாளும்.

அந்த வாரக் கடைசியில் அம்மா போன் செய்தாள். "எடா, அப்பா பேர் வெட்டின தூக்கு உன் ஆத்துல ஆக்கும் இருக்கு. ஆப்திகத்துக்கு அதுலதான் தயிர் உறைகுத்தணும். மறக்காமக் கொண்டு வந்துடு, கேட்டயா?"

"சரிம்மா" என்றேன். அப்பாவுக்குச் சொன்ன அதே குரலில் சொன்னேன்.

அந்தப் பாத்திரத்தில் அம்மா தயிர் உறைகுத்துவதை நினைத்தே பார்க்க முடியவில்லை. விஷயத்தைச் சொல்லிவிடலாம். சொன்னால் அப்பாவுக்குப் பிண்டம் போட எனக்கு அருகதை கிடையாது என்பாள். அம்மாவுக்கு வேறு பிள்ளை கிடையாது. அதனால் என்னைப் போன்ற கோழை செய்யக்கூடியதைச் செய்தேன். பழவங்காடிப் பக்கம் பாத்திரக் கடைகள் இருக்கின்றன. அதே அளவில், அதே மாதிரிப் பிடி வைத்த புதுத் தூக்கு ஒன்றை வாங்கினேன். பேர் வெட்டுகிறவர் கடை வாசலிலேயே ஒரு சின்ன மேஜை போட்டு, மின்சார ஊசியோடு உட்கார்ந்திருந்தார். பழைய தூக்கின் எழுத்தைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். அதைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்றேன்.

அவர் படத்தை நிதானமாகப் பார்த்தார். ஊசியை எடுத்தார். ஆரம்பிக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆளு இப்போ உண்டோ?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"ஆளு மரிச்சு போயெங்கில், ஓர்மய்க்கு என்னு கூடி வெட்டணும். அதாணு சோதிச்சது."

ஆள் செத்துப்போயிருந்தால் பேரோடு 'நினைவாக' என்றும் சேர்த்து வெட்ட வேண்டும். அது அவர் தொழில் முறை. தினம் பத்துப் பேரிடம் கேட்கிற கேள்வியாக இருக்கும். அதைச் சேர்த்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். "உண்டு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வெட்ட ஆரம்பித்தார். ஊசி பாத்திரத்தில் பட்டுப் பட்டுப் பேசிற்று. கண்ணை மூடிக்கொண்டால் பின்புறத்துக் காக்கைதான்.

பழைய தூக்கின் அடியில் ஒரு நசுங்கல் உண்டு. வீட்டுக்கு வந்து, புதுத் தூக்கைக் கவிழ்த்து வைத்து, அம்மிக் குழவியால் அளவாக ஒரு தட்டுத் தட்டினேன். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பைக் குறைத்தேன். ஒரு பிடி சர்க்கரை போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா வாங்கி, மூடியைத் திறந்தாள், சர்க்கரையைப் பார்த்தாள், மூடியை வைத்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

ஆப்திகத்தன்று விடிகாலையிலேயே போய்விட்டோம். மனைவி முன்னறையில் உட்கார்ந்துகொண்டாள். திவச சமையலறைக்குள் அவள் வர முடியாது. அது அவளுக்குத் தெரியும், அதற்காக முகம் சுளிக்கவும் மாட்டாள். அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் மடியாகச் சமைத்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. வேளைக்குச் சாப்பிடாவிட்டால் கை உதறும், கண் இருளும். ஆனால் அன்றைக்குக் காக்கை பிண்டத்தை எடுத்த பிறகுதான் அவள் இலையில் உட்காருவாள்.

ஹோமம், பிராமண போஜனம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தயிரை அந்தப் புதுத் தூக்கிலிருந்து அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். ஒரு மணிக்கு மேல், காக்கைக்கான பிண்டத்தை இலையில் வைத்து, மேலே இரண்டு கரண்டி தயிர் விட்டு, மொட்டைமாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவும் வாத்தியாரும் பின்னால் வந்தார்கள். இலையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, கையைத் தட்டி, "கா, கா" என்று கூப்பிட்டேன்.

ஸ்ரீவராகத்தில் காக்கைக்குப் பஞ்சமே கிடையாது. குளக்கரைத் தென்னைகள் முழுக்க அதுகள்தான். அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கீழே தெருவில் ஒரு ஸ்கூட்டர்கூடப் போகவில்லை. கழக்கூட்டத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்ட அதே நிசப்தம். என் நிழல் மறுபடி என் காலடியில் சுருண்டு கிடந்தது.

அரை மணி நேரம் ஆயிற்று. அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்கள் உதற ஆரம்பித்திருந்தன. "ஏதோ மனக்குறை இருக்கும் மாமி. அவர்ட்ட சொல்லுங்கோ, எடுத்துப்பர்" என்றார் வாத்தியார். அவருக்கு இன்னொரு வீட்டில் வேலை இருந்தது. கீழே போய்விட்டார்.

அம்மா ஆகாயத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். "ஏன்னா, இந்த ஆத்தை நான் விக்க மாட்டேன். வாங்கோ." காத்திருந்தாள். "உங்க தங்கையோட பேசறேன். நானே போன் பண்ணறேன். வாங்கோ." காத்திருந்தாள். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறேன், பின்னே என்ன?"

அப்போதுதான் அது வந்தது. தனியாக, அண்டங்காக்கை. எதிர் வீட்டு ஓட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. உட்காருவதற்கு முன் இறக்கையை விரித்தபோது இடது பக்கம் ஒரு இறகுக்கு இடம் காலியாக இருந்தது. கழக்கூட்டம் எங்கே, ஸ்ரீவராகம் எங்கே. காக்கை தலையைச் சாய்த்தது. அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தது.

அம்மாவும் திரும்பி என்னைப் பார்த்தாள். "அந்தத் தூக்கு எங்கேடா?" என்றாள்.

"கீழே இருக்கேம்மா. தயிர்…"

"அது இல்லை. அதோட மூடி ஒரே ஒரு இடத்துலதான் ஏறும். இது எப்படி வெச்சாலும் ஏறறது. நசுங்கல் நன்னாருக்கு. நீயே பண்ணியா?"

பொய் சொல்ல எனக்கு வேறு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. "அதுல இறைச்சி ஊற வெச்சேம்மா. தெரியாம எடுத்துட்டேன். போத்து" என்றேன்.

அம்மா அதிர்ந்து போவாள், அழுவாள், அறைவாள் என்று பதினோரு வருஷமாக எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "உன் சட்டையில வரும்டா, அந்தப் புகை வாசனை. எந்த சோப்புக்கும் அது போகாது" என்றாள்.

"அப்பாவுக்கு?"

"அவர்தான் முதல்ல சொன்னார். நீ வந்து உக்காந்தா ஜன்னலைத் திறந்து விடுவாரே, பின்னே எதுக்குன்னு நினைச்சே?"

பத்து வருஷம் ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து போனதும், கொக்கியை எடுத்ததும், திரும்பி வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டதும், ஒன்றுவிடாமல் கண் முன்னே வந்தது.

"சொல்லு," என்றாள் அம்மா. "இனிமே மாட்டேன்னு அவர்ட்ட சொல்லு. எடுத்துப்பர். எனக்கு க்ஷீணமா இருக்குடா."

தர்ப்பைப் பவித்திரம் போட்ட கையைக் கூப்பிக்கொண்டு, "இனிமே சாப்பிட மாட்டேன்ப்பா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

காக்கை எழுந்து பறந்து போய்விட்டது.

அம்மா அது போன திசையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையசைத்தாள். உட்கார்ந்தபடியே, குரலை உயர்த்தாமல், அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தால் எப்படிப் பேசுவாளோ அப்படிப் பேசினாள்.

"ஏன்னா, அவன் விட மாட்டான். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சத்தியம் கித்தியம் ஒண்ணும் இனிமே அவன்ட்ட நான் கேக்க மாட்டேன். நீங்களும் கேக்காதேங்கோ. பசிக்கறது எனக்கு. வாங்கோ."

இறக்கைச் சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது. என் காதை உரசுகிற மாதிரி வந்து, அது இலையில் இறங்கிற்று. முதலில் தயிரில் அலகை வைத்தது. பிறகு பிண்டத்தில் ஒரு வாய் எடுத்தது. அம்மா எழுந்து, புடைவையைத் தட்டிக்கொண்டு, "வா, சாப்பிடலாம்" என்று இறங்கிப் போனாள். அடுத்த நிமிஷம் குளக்கரைப் பக்கம் நூறு காக்கை கத்திற்று. தெருவில் ஸ்கூட்டர் போயிற்று.

இது நடந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. நான் ஸ்டேக்கை விடவில்லை. மூன்று மாதம் விட்டுப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பை மூட்டிவிட்டேன். பழைய தூக்கு இப்போது பீப்பாய்க்குள் இல்லை, சமையலறை அலமாரியில் தனியாக இருக்கிறது. அதைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டபோது, "உன் ஆத்துலயே இருக்கட்டும்" என்றாள் அம்மா. உச்சி வேளையில் நான் மதிலில் தயிர்சாதம் வைக்கிறேன். சாம்பல் கழுத்துக் காக்கைகள் வந்து தின்றுவிட்டுப் போகின்றன. அண்டங்காக்கை சில நாள் வரும். சாதத்தையும் தொடாது, இறைச்சியையும் தொடாது. நான் சுட்டு முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்கும். மனைவிக்கு அதைப் பார்த்தால் இப்போது பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை.

அம்மா முன்போலவே குழம்பும் கூட்டும் கொடுத்தனுப்புகிறாள். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் எவர்சில்வர் பாத்திரம் ஒன்றுகூட அந்த வீட்டிலிருந்து என் வீட்டுக்கு அப்புறம் வரவில்லை. எல்லாம் காலியான ஐஸ்கிரீம் டப்பாவில் வருகிறது. "திருப்பித் தர வேண்டாம்டா, அங்கேயே தூக்கிக் களைஞ்சுடு" என்பாள்.

போன வாரமும் போயிருந்தேன். நன்றாகக் குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். அம்மா வா என்றாள், காப்பி சாப்பிடுகிறாயா என்றாள். பிறகு மெதுவாக எழுந்து போய், கொக்கியை எடுத்து, தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.